மழை மாதங்களுக்கும் சேர்த்து வீட்டுக் கணக்கு போடுவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பகுதியில் வசிக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பம். கணவருக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. நான் வீட்டிலிருந்தே தையல் செய்கிறேன். ஜனவரியில் ஒரு நோட்டு வாங்கி அரிசி, பால், சிலிண்டர், மருந்து, சீட்டுப் பணம் என ஒவ்வொன்றுக்கும் தொகை ஒதுக்கினேன். மே மாதம் வரை பெரிய பிசகின்றி நடந்தது.

ஜூனில்தான் எல்லாம் குலைந்தது. தென்மேற்குப் பருவமழையில் வெட்டு நின்று வருமானம் பாதியாகக் குறையும் அதே நேரத்தில் பள்ளி திறந்து நோட்டு, சீருடைச் செலவு வருகிறது. போதாதற்கு மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் மீன் விலையும் ஏறிவிடுகிறது. (மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது என்பதை மறைப்பதற்கில்லை.) அக்டோபரில் வடகிழக்கு மழையும், பிப்ரவரியை ஒட்டி ரப்பர் மரங்களின் இலையுதிர்வும் வெட்டை மறுபடி நிறுத்தும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தைக்கூட மாதந்தோறும் பாதியாக எடுத்துவைத்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் கல்யாண வீட்டு மொய்க்கு எந்தக் கணக்கும் பிடிபடவில்லை.

மாதத்துக்கு மாதம் வருமானம் மாறும் குடும்பத்தினர், மிகக் குறைந்த மாத வருமானத்தை அடிப்படையாக வைத்துத் திட்டமிடுகிறீர்களா, ஆண்டுச் சராசரியையா? நல்ல மாதங்களில் மிஞ்சும் பணத்தை, அவசரத்துக்குக் கிடைக்கும்படியும் கைச்செலவில் கரையாதபடியும், எங்கே வைக்கிறீர்கள்? அனுபவத்திலிருந்து கூறினால் உதவியாக இருக்கும்.