கார்த்தி பார்த்து வைத்திருக்கும் வண்டி

குழு: குன்னூர் வீடு

கார்த்தி, இரவு 8:04
கோயம்புத்தூரில் ஒரு வண்டி பார்த்துவிட்டு வந்தேன். பிஎம்டபிள்யூ 520டி, 2013 மாடல், 92,000 கிலோமீட்டர், இரண்டாவது ஓனர். 11.5 லட்சம் சொல்கிறார், 11க்கு இறங்குவார் போலிருக்கிறது. முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் நம்ம வண்டியில் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிடுகிறது. மாதாமாதம் செக்கப் வேறு. இந்த சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அப்பா தாங்குவார்.

மல்லிகா அத்தை, 8:06
நல்ல காரியம் கண்ணு. சித்தப்பாவைக் கேட்காமல் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதே.

ரவி மாமா, 8:09
11 லட்சத்துக்குப் புது வண்டியே வருமே மாப்பிள்ளை?

கார்த்தி, 8:10
வரும் மாமா. இந்த சீட்டும் சஸ்பென்ஷனும் வராது.

செல்வம் சித்தப்பா, 8:41
கார்த்தி, என் கறுப்பு வண்டியின் பில் ஃபைலை இப்போதுதான் இறக்கிப் பார்த்தேன். வாங்கியது 9 லட்சம். மூன்று வருஷத்தில் ரிப்பேருக்கு மட்டும் 4,86,000. டீசலும் இன்சூரன்ஸும் இதில் சேரவில்லை. வண்டிதான் பழசாகிறது, பார்ட்ஸ் விலை பழசாவதில்லை. புதிதில் 40 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டிக்குச் செய்த பம்பு, வண்டி 11 லட்சத்துக்கு வந்துவிட்டது என்று விலை இறங்காது.

செல்வம் சித்தப்பா, 8:47
அதில் பெரியது ஏர் சஸ்பென்ஷன், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வண்டியைத் தாங்கும். ஒரு ஜனவரி காலை, புல்லெல்லாம் உறைபனி, வாசலில் வண்டி இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் நுழையவில்லை. காற்று நிற்கும் ரப்பர் பையின் மடிப்பில் நூலிழை மாதிரி வெடிப்பு. அந்தக் கசிவை ஈடுகட்ட ஓடி ஓடி காற்றடிக்கும் கம்ப்ரஸரும் சூடேறிப் போய்விட்டது. இரண்டும் சேர்த்து 1,64,000. இரண்டு வாரமாகவே காலையில் லேசாகச் சாய்ந்துதான் நின்றது, வாசல் மேடு பள்ளம் என்று விட்டுவிட்டேன். அப்போதே பார்த்திருந்தால் கம்ப்ரஸராவது பிழைத்திருக்கும்.

கார்த்தி, 8:50
இதற்கும் அது இருக்கிறதா சித்தப்பா?

சிவா அண்ணன், 8:52
இல்லை தம்பி. 520டி செடானில் இரும்பு ஸ்பிரிங்தான், அந்தப் பயம் வேண்டாம். நீ பார்க்க வேண்டியது டைமிங் செயின், இன்ஜினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் சங்கிலி. அந்த வண்டியில் என்47 என்ற இன்ஜின். செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கும். செயினை மாற்ற இன்ஜினையோ கியர்பாக்ஸையோ கழற்றியே ஆக வேண்டும். பார்ட்ஸை விடக் கூலிதான் அதிகம். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் போன மாதம் ஒருவருக்கு 1,80,000 ஆனது. அறுந்துவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும்.

ப்ரியா அக்கா, 8:53
ஐயோ. இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சிவா அண்ணன், 8:58
இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்ய வேண்டும். பானெட்டைத் திறந்து, முன் கண்ணாடி ஓரமாகக் காதை வைத்துக் கேள். கொட்டாங்குச்சியில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது மாதிரி இரண்டு மூன்று நொடி சத்தம் வந்தால் வேண்டாம், வந்துவிடு. அதிகம் பேசப்பட்டது 2007 முதல் 2011 வரை வந்த இன்ஜின்கள்தான். 2013 என்றாலும் கேட்காமல் வாங்காதே. நீ போனபோது வண்டி சூடாக இருந்ததா?

கார்த்தி, 9:01
ஆமாம் அண்ணா. நான் போவதற்கு முன்பே கழுவி, ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார்.

சிவா அண்ணன், 9:01
அப்படியென்றால் நீ இன்னும் வண்டியைப் பார்க்கவில்லை.

செல்வம் சித்தப்பா, 9:15
செயினாவது பணத்தோடு போகும். எனக்குப் பிரேக்தான் கவலை. உங்கள் சித்தியோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது நடந்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டி, டி-யிலேயே போட்டுவிட்டு வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடி இறங்கினேன். பர்லியாறுக்கு முன்னால் கருகிய வாசனை. அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டாவது மிதிக்கும் பிடிக்கவில்லை. கியர் லீவரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டாவது கியருக்கு இறக்கி, மலைப்பக்கச் சாக்கடையை ஒட்டி நிறுத்தினேன். சித்தி என் சட்டையைப் பிடித்திருந்த கையை வெகுநேரம் எடுக்கவே இல்லை.

செல்வம் சித்தப்பா, 9:22
காரணம் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் மூடுபனிக்குக் கேட்கவே வேண்டாம். ஈரம் ஏற ஏற கொதிநிலை இறங்கும். தொடர்ந்து பிரேக் பிடித்தால் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். ஆவி நசுங்கும், ஆயில் நசுங்காது, அதனால்தான் பெடல் கீழே போகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை முதல் ஓனர் ஐந்து வருஷமாகத் தொடவில்லை. ஆயில் மாற்ற 3,500 ரூபாய்தான். நான் அதையும் மாற்றவில்லை, மிதித்தபடியே இறங்கிய சூட்டில் முன் டிஸ்க் இரண்டும் நீலம் பாரித்து, பேட், சென்சார் எல்லாம் சேர்த்து 47,000. அண்ணனை உட்கார வைத்து ஓட்டப்போகிறாய். எந்த பில் இருக்கிறதோ இல்லையோ, பிரேக் ஆயில் பில் இல்லாத வண்டியை, ஆயிலை மாற்றாமல் மலை ஏற்றாதே.

மல்லிகா அத்தை, 9:25
எங்களுக்கு இது தெரியாதே செல்வம். முருகா.

கார்த்தி, 9:30
சித்தப்பா, நீங்கள் சொன்னதை இரண்டு முறை படித்தேன். இறங்கும்போது கியரைக் குறைத்துத்தான் ஓட்டுவேன். வாங்கினால் முதல் வருஷத்துக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்கட்டும்?

சிவா அண்ணன், 9:38
2 லட்சம் தனியாக வை. கியர்பாக்ஸ் ஆயிலை முதலில் மாற்று. ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்பார்கள், நம்பாதே. கியர்பாக்ஸ் செய்த இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் அடித்தட்டோடு சேர்ந்தே வருவதால் தட்டையும் மாற்ற வேண்டும், எங்களிடம் 42,000. இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் பைப் சிலவும் அவற்றின் இணைப்புகளும் பிளாஸ்டிக், பத்து வருஷத்தில் காய்ந்து நொறுங்கலாம். இணைப்புகளில் வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி இருந்தால் அங்கே கசிகிறது. ஏற்றத்தில்தான் அது காட்டிக்கொடுக்கும். டயர் ரன்ஃப்ளாட்டா என்றும் பார். காற்றுப் போனாலும் 80 வேகத்தில் சுமார் 80 கிலோமீட்டர் ஓடும், ஆனால் விலையும் அதிகம், பக்கச்சுவர் கெட்டி என்பதால் குலுக்கலும் அதிகம். அப்பா முதுகுக்குச் சாதா டயரும் ஒரு ஸ்டெப்னியும் நல்லது.

ரவி மாமா, 9:44
ஆர்சியையும் கணக்கில் வை. 15 வருஷம் என்றால் 2028இல் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவைச் சொல்லி விலை பேசு.

கார்த்தி, 9:47
சரி மாமா. 10க்கு மேல் ஏறமாட்டேன்.

சிவா அண்ணன், 9:52
ஞாயிறு காலை 7 மணிக்கு நானும் வருகிறேன். வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் கொண்டுவருகிறேன். நாம் வரும் வரை சாவியைத் தொடக் கூடாது என்று ஓனரிடம் இன்றே சொல்லிவிடு.

செல்வம் சித்தப்பா, 9:53
நான் 5 மணிக்கே வாசலில் நிற்பேன் கார்த்தி, ஏற்றிக்கொள். டார்ச் என்னிடம் இருக்கிறது.