நிறுவனருக்கு வேண்டியது மனவுறுதியா, ஆறு மாதக் கையிருப்பா?

நொய்யல்கரை எழுதியது:

கோவையில் சிறு மென்பொருள் நிறுவனங்களை நடத்துவோர் கூடிய ஒரு நிகழ்ச்சிக்குச் சென்ற வாரம் போயிருந்தேன். பேசவந்த முதலீட்டாளர் ஒருவர், செயற்கை நுண்ணறிவு எல்லோர் கையிலும் ஒரே கருவியைக் கொடுத்துவிட்டதால் இனி நிறுவனருக்கு நிறுவனர் வேறுபடுவது மனவுறுதியில் மட்டுந்தான் என்றார். கணினிச் சில்லுகள் (சிப்) செய்யும் என்விடியாவின் நிறுவனர்களில் ஒருவரான ஜென்சன் ஹுவாங் 2024 மார்ச்சில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம், உங்களுக்குத் துன்பம் வரட்டும் என்று வாழ்த்தியதைச் சான்றாகக் காட்டினார். அரங்கம் கைதட்டியது. நான் தட்டவில்லை. காரணத்தை எழுதுகிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

நாங்கள் எட்டுப் பேர். நூற்பாலைகளுக்கும் பட்டறைகளுக்கும் வரும் கொள்முதல் பில்களைப் படித்து, டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றித் தரும் மென்பொருளை 2022 தொடக்கத்தில் செய்யத் தொடங்கினோம். அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தபோது, நம் வேலை பாதியாகக் குறைந்தது என்று இனிப்பு வாங்கிக் கொடுத்தவன் நான். 2023 அக்டோபர் இறுதியில் அதே சாட்ஜிபிடியில் பிடிஎஃப் கோப்பை நேரடியாக ஏற்றும் வசதி வந்தது. பிறகு உங்களுக்கு எதற்கு மாதச் சந்தா என்று ஒரே வாரத்தில் மூன்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். கையால் எழுதிய ஜிஎஸ்டி எண்ணை அது தவறாகப் படிக்கும் என்று செய்துகாட்டி இருவரைத் தக்கவைத்தோம். சாட்ஜிபிடியை இயக்கும் அடுத்த மாதிரி (மாடல்) வந்தபோது அந்தத் தவறும் குறைந்துவிட்டது. என் தகப்பனார் மோட்டார் பட்டறை நடத்தியவர். அவர் கண்ட இரண்டு வீழ்ச்சிகளுக்கு நடுவே பத்தாண்டு இடைவெளி இருந்தது. எனக்கு ஒரு காலாண்டுகூடக் கிடைக்கவில்லை.

ஹுவாங்கின் கதைக்கே வருகிறேன். செகா நிறுவனத்தின் விளையாட்டுப் பெட்டிக்காக என்விடியா உருவாக்கிவந்த சில்லு தவறான தொழில்நுட்பப் பாதையில் போய்விட்டது 1996 வாக்கில் தெளிவாயிற்று. அப்படியிருந்தும் செகா 50 லட்சம் டாலர் கொடுத்தது. ஊழியர்களில் பாதிப் பேருக்கு மேல் அனுப்பப்பட்டார்கள். எஞ்சியவர்கள் 1997இல் ரிவா 128 என்ற சில்லை வெளியிட்டு நிறுவனத்தைக் கரையேற்றினார்கள். அந்தப் பணம் வராமல் போயிருந்தால், இதே மனவுறுதியோடு அவர் வேறொரு நிறுவனத்தில் பொறியாளராக இருந்திருப்பார். துன்பத்தின் பெருமையைப் பற்றிப் பேச ஸ்டான்ஃபோர்டு அவரை அழைத்திருக்காது. ஆகவே என் வாதம் இதுதான்: மனவுறுதி என்று நாம் புகழ்வதில் பெரும்பகுதி, வங்கிக் கணக்கில் மீதமிருக்கும் மாதங்களின் எண்ணிக்கையே. அதைக் குணநலனாக மாற்றிப் பேசத் தொடங்கினால், பணம் தீர்ந்து மூடியவனெல்லாம் கோழையாகிவிடுகிறான்.

பெருங்குடிவாசி எழுதியது:

நொய்யல்கரை அவர்களே, கதையின் நடுப்பகுதியை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். செகா தானாக மனமிரங்கிக் கொடுக்கவில்லை. ஹுவாங்கே 2023இல் தைவான் தேசியப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் இதைச் சொல்லியிருக்கிறார். செகாவின் உயர்பொறுப்பில் இருந்த இரிமாஜிரியிடம் போய், எங்கள் வழி தவறாகிவிட்டது, நீங்கள் வேறொருவரைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனாலும் முழுப் பணத்தையும் தராவிட்டால் நாங்கள் மூடவேண்டியதுதான் என்று கூச்சத்தோடு கேட்டிருக்கிறார். பணம் வந்தது உண்மைதான். ஆனால் பணம் கேட்கப் போன இடத்தில் தன் தவற்றை முதல் வாக்கியமாகச் சொல்லும் திராணி, பணம் வருவதற்கு முன்பே இருந்தது. நான் மனவுறுதி என்று சொல்வது அதைத்தான். அடிவாங்கியும் அசையாமல் நிற்பதை அல்ல.

நீங்கள் சொல்லும் கையிருப்பு என்னிடம் இருந்தது. 2017இல் தொடங்கிய என் முதல் நிறுவனத்தில், பதினொரு மாதச் செலவுக்குப் பணம் இருந்தபோதே, வாங்குவதற்கு ஆளில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஏழு மாதங்களை அந்தப் பொருளின் திரைகளை மெருகேற்றுவதில் கழித்தேன். வாடிக்கையாளரிடம் போனால் மறுப்பார் என்பதால் போகவில்லை. பணம் என் அச்சத்துக்குத்தான் தீனி போட்டது. 2019இல் மூடியபோது நான் இழந்தது பணத்தை மட்டுமல்ல, அந்த ஏழு மாதங்களில் என்னை நம்பி வேறு வேலைக்குப் போகாமல் இருந்த நான்கு பேரின் நேரத்தையும்தான். இப்போதைய நிறுவனத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், நான் பார்க்க விரும்பாத ஓர் எண்ணை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறோம். இது பழக்கம், பிறவிக் குணமல்ல. பழகினால் வரும்.

தரமணித் தனியன் எழுதியது:

நீங்கள் இருவரும் உறுதியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நோயைப் பற்றி யாரும் பேசவில்லை. நிறுவனர்களில் 72 விழுக்காட்டினருக்கு மனநலக் குறைபாடு உண்டு என்று அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. இந்தத் தொழிலே ஆளைத் தின்னும் தொழில். எனக்கு இணை நிறுவனர் இல்லை. இரவு இரண்டு மணிக்கு நான் மனம்விட்டுப் பேசுவது சாட்பாட்டிடம்தான். அது அலுத்துக்கொள்வதில்லை, பங்கு கேட்பதில்லை, நான் சொன்னதை வெளியில் சொல்வதுமில்லை. செயற்கை நுண்ணறிவு நம்மை அலைக்கழிக்கிறது என்கிறார் நொய்யல்கரை. அதே கருவிதான் என்னைத் தூங்கவைக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆலோசனை அறை எழுதியது:

நான் சென்னையில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். அந்த 72 என்ற எண்ணைக் கேட்கும்போதெல்லாம் திருத்தவேண்டியிருக்கிறது. மைக்கேல் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு அது. 242 தொழில்முனைவோரையும் ஒப்பீட்டுக்காக 93 பிறரையும் கேட்டார்கள். வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் தமக்கு இருந்ததாகச் சொன்ன தொழில்முனைவோர் 49 விழுக்காட்டினர். ஒப்பீட்டுக் குழுவில் 32 விழுக்காட்டினர். தமக்கு இல்லாவிட்டாலும் நெருங்கிய குடும்பத்தில் இருந்தது என்றவர்களையும் சேர்த்த பிறகுதான் அந்த 72 வருகிறது. எல்லாமே அவரவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னவை. தொழில் நோயைத் தருகிறதா, அத்தகைய மனப்போக்கு உடையவர்கள் தொழிலை நாடுகிறார்களா என்பதை இந்த ஆய்வைக்கொண்டு தீர்மானிக்க முடியாது. 49 என்பதே கவலைக்குரிய எண்தான்; அதை ஊதிப்பெருக்கத் தேவையில்லை.

இன்னொன்று. மனச்சோர்வு நோய் வந்தவரிடம் உறுதியாக இருங்கள் என்பது, காய்ச்சல்காரரிடம் சூட்டைக் குறையுங்கள் என்பதைப் போன்றது. தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமற்றுப் போயிருந்தால், அதற்கு வெள்ளிக்கிழமைக் கூட்டம் மருந்தாகாது. ஒன்றிய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே கிடைக்கிறது, கட்டணமில்லை. நிறுவனர் என்ற அடையாளத்தை அங்கே சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை.

தரமணித் தனியன் அவர்களே, நள்ளிரவில் எழுதித் தீர்ப்பதால் மனம் இலேசாகிறது என்றால், அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் ஆறுதல் வேறு, யோசனை வேறு. 2025 ஏப்ரல் இறுதியில், சாட்ஜிபிடியை இயக்கிய ஜிபிடி-4ஓ மாதிரியின் ஒரு புதுப்பிப்பு பயனர்கள் சொல்வதற்கெல்லாம் அளவுமீறித் தலையாட்டுவதை அதை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே ஒப்புக்கொண்டு, சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. நிறுவனத்தை மூடலாமா என்ற கேள்வியை அந்த வாரத்தில் யாரேனும் அதனிடம் கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சம்பளத் தேதி ஏழு எழுதியது:

நான் நிறுவனர் இல்லை, நிறுவனரின் மனைவி. பள்ளி ஆசிரியை. மாதம் ஏழாம் தேதிதான் எங்கள் வீட்டில் நல்ல நாளா கெட்ட நாளா என்று தீர்மானமாகும், ஏனென்றால் அன்றுதான் அவர் ஊழியர்களுக்குச் சம்பளம் போடவேண்டும். இரண்டு முறை என் நகை அடகுக்குப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை, கேட்டுத்தான் வாங்கினார். சென்ற ஆண்டு ஒருநாள் மின்கட்டணம் செலுத்துவதற்காக அவருடைய மடிக்கணினியைத் திறந்தபோது, சாட்பாட் உரையாடல் ஒன்று திரையிலேயே இருந்தது. ஓவர்டிராஃப்டுக்கு, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் வங்கிக் கடனுக்கு, வீட்டுப் பத்திரத்தை ஈடாக வைக்கலாமா என்று அதனிடம் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் நன்மை தீமைகளை அழகாக வரிசைப்படுத்திக் கொடுத்திருந்தது. அந்த வீடு என் பெயரிலும் இருக்கிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்? அவர் சொல்லவில்லை.

ஆகவே தனியன் தம்பி, அது வெளியில் சொல்வதில்லை என்பதை நல்ல குணமாக எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை அதுதான் அதனிடமுள்ள குறை. ஒரு நண்பரிடம் இதைச் சொல்லியிருந்தால், அவர் எனக்கு ஒரு போன் செய்திருப்பார்.

நொய்யல்கரை எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்தபின் சிறிது நேரம் எதுவும் எழுத முடியவில்லை. என் வீட்டிலும் ஓர் ஓவர்டிராஃப்ட் உண்டு; அதன் தொகை என் மனைவிக்குத் தோராயமாகத்தான் தெரியும்.

ஆனால் வாதத்தை நான் விட்டுவிடவில்லை. பெருங்குடிவாசி சொல்லும் வெள்ளிக்கிழமைப் பழக்கம் நல்லது, நாளை முதல் செய்வேன். அந்தப் பழக்கத்துக்கும் ஒரு தரை வேண்டும் என்பதுதான் என் கட்சி. சோஹோ மென்பொருள் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தொலைத்தொடர்புக் கருவி செய்பவர்கள். 2001 வாக்கில் அந்தத் துறை சரிந்து பலர் காணாமல் போனார்கள். வெளி முதலீட்டாளர் யாரும் இல்லாததால் வளர்ச்சிக் கணக்குக் கேட்பாரில்லை. கையில் சேமிப்பும் இருந்தது. நிறுவனங்களின் கணினிகளை நிர்வகிக்கும் மேனேஜ்எஞ்சின் மென்பொருளையும் பிறகு 2005இல் சோஹோ மென்பொருள்களையும் நிதானமாக உருவாக்கினார்கள். அதை நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவின் மனவுறுதி என்று மேடையில் சொல்வது எளிது. கடன் வாங்காமல் செலவைச் சுருக்கி வைத்திருந்த கணக்குப் புத்தகம் என்று சொன்னால் கைதட்டல் வராது.

பெருங்குடிவாசி எழுதியது:

பல ஆண்டுகள் வெளி முதலீட்டை வேண்டாம் என்று வைத்திருப்பதற்கு எது வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கணக்குப் புத்தகம் வானத்திலிருந்து விழவில்லை. நாம் இருவரும் ஒரே பொருளை இரண்டு முனைகளில் பிடித்து இழுக்கிறோமோ என்றுகூடத் தோன்றுகிறது, ஆனால் ஓரிடத்தில் உங்களை உறுதியாக மறுக்கிறேன். உங்கள் தொல்லை கையிருப்பு அன்று. வேறொருவரின் மாதிரி சரியாகச் செய்யாத இடத்தில் உங்கள் கடையை விரித்திருக்கிறீர்கள். அந்த இடம் ஒவ்வொரு வெளியீட்டிலும் சுருங்கும். ஆறு மாதப் பணம் கிடைத்தால் ஆறு மாதம் சுருங்கும், அவ்வளவுதான். பில்லைப் படிப்பதை விட்டுவிட்டு, படித்த பில்லுக்குப் பொறுப்பேற்பதை விற்கலாம்: தவறிருந்தால் ஜிஎஸ்டி தாக்கலுக்கு முன் நாங்கள் கண்டுபிடிப்போம், விடுபட்டால் அந்த மாதச் சந்தா இல்லை என்று எழுதிக்கொடுங்கள். அந்த ஆலைக் கணக்கர்களை உங்களுக்குப் பெயர் சொல்லித் தெரியும், மாதிரிக்குத் தெரியாது. இதைச் செய்யப் பணம் வேண்டாம். இத்தனை ஆண்டு உழைப்பில் பாதியைத் தூக்கிப்போட மனம் வேண்டும்.

நொய்யல்கரை எழுதியது:

பாதியை அல்ல, முக்கால் பங்கை. இதை நான் யோசிக்காமலில்லை. யோசித்த மறுநாளே பட்டியலின் அடியில் தள்ளிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கையில் ஐந்து மாதம் இருக்கிறது. மூன்றாம் மாத இறுதியைக் குறித்துக்கொண்டேன். அதற்குள் பத்து ஆலைகள் இந்தப் புதிய உடன்பாட்டில் கையெழுத்திடாவிட்டால், மீதி இரண்டு மாதப் பணம் ஊழியர்களுக்குப் பிரித்துக்கொடுப்பதற்கு. இன்றிரவு வீட்டில் முழுத் தொகையையும் சொல்லிவிடுவேன். ஊழியர்களிடம் மட்டும் இப்போது சொல்வதாக இல்லை. எட்டுப் பேரில் மூவர் வீட்டுக்கடன் கட்டுகிறார்கள்; அவர்களுடைய தூக்கத்தை மூன்று மாதம் முன்கூட்டியே கெடுப்பானேன்?

தரமணித் தனியன் எழுதியது:

இதில் நான் உங்கள் பக்கம். சொன்னால் திறமையானவர்கள்தான் முதலில் கிளம்புவார்கள்.

பில் எண் 408 எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் இப்படிப்பட்ட ஒரு சிறு நிறுவனத்தில் ஊழியன். நொய்யல்கரை அவர்களிடம் அல்ல, வேறிடத்தில். எங்கள் நிறுவனரும் எங்கள் தூக்கம் கெடக்கூடாது என்று ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார். சர்வர் திட்டத்தை ஒருபடி கீழிறக்கியது மார்ச்சில். காப்பித் தூள் மாறியது ஏப்ரலில். மே மாதம் முதல் அவர் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் பேசுகிறார். நாங்கள் ஆறு பேரும் எங்கள் ரெஸ்யூமேயைப் புதுப்பித்துவிட்டோம், அவருக்கு மனம் கஷ்டப்படும் என்பதால் அவரிடம் சொல்லவில்லை.