புதுப்பிப்பு: கணப்படுப்பின் மேல் வைக்கும் பிரெஞ்சுக் கடிகாரமும் இணை மெழுகுவர்த்தித் தாங்கிகளும்

பாரிஸ் அருகே சாந்த்-உவான் பழம்பொருள் சந்தையில் வாங்கிய கடிகாரமும் இரு தாங்கிகளும் ஒரே தொகுப்பாகச் செய்யப்பட்டவைதானா என்று முன்பு கேட்டிருந்தேன்.

இயந்திரத்தைக் கழற்றியதும் பின்தகட்டில் ஜாப்பி சகோதரர்களின் முத்திரை தெரிந்தது. பிரான்சின் போக்கூரில் இயங்கிய அவர்களது தொழிற்சாலையின் இயந்திரங்களைப் பல கடிகாரக் கூடு தயாரிப்பாளர்கள் வாங்கிப் பொருத்தியதால், முத்திரை இயந்திரத்துக்குச் சான்றாகுமே தவிர, கூட்டுக்கு ஆகாது. ஊசல் பட்டுநூலில் அல்லாமல் மெல்லிய எஃகுப் பட்டையில் தொங்குகிறது. முகப்பில் 12க்கு அருகிலுள்ள சிறு துளையில் சாவியைத் திருப்பினால், பட்டையின் அசையும் நீளம் மாறி ஓட்டம் விரைவாகவோ மெதுவாகவோ ஆகிறது. புரோக்கோ அமைப்பு எனப்படும் இதைக் கொண்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி என்று கணிக்கிறேன்.

தாங்கிகளின் அடியில், பூச்சில்லாத ஓரத்தை மெல்லச் சுரண்டியபோது வெண்கலத்தின் மஞ்சள் தெரியவில்லை. துத்தநாக வார்ப்பின் சாம்பல் நிறமே தெரிந்தது. கடிகாரக் கூட்டின் உட்புறமோ தெளிவான மஞ்சள். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே மின்னினாலும், தாங்கிகள் பின்னர் சேர்க்கப்பட்டவை என்றே கருதுகிறேன். பித்தளை மெருகுப்பசை பொன்பூச்சை அரித்துவிடும் என்பதால், மென்மையான தூரிகையால் தூசியை மட்டுமே அகற்றி வருகிறேன்.