ஆங்கிலத்தில் இஃப் வரும் பக்கம் வில் ஏன் வரக்கூடாது?

கேள்வி:
கிடங்கில் வேலை. நேற்று மின்னஞ்சலில் "இஃப் த லாரி வில் கம் டுமாரோ, வீ வில் அன்லோட் இட்" என்று எழுதினேன். மேலாளர் முதல் வில்லை மட்டும் அடித்து, கம் என்பதைக் கம்ஸ் ஆக்கினார். லாரி நாளைக்குத்தானே வரும்? எதிர்காலத்துக்கு வில் வேண்டாமா?

பதில்:
நீங்கள் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? "நாளை லாரி வந்தால் இறக்குவோம்." வந்தேன், வந்தான் என்பவற்றில் உள்ள அதே இறந்தகால அடிதான் வந்தால் என்பதிலும் இருக்கிறது. ஆனாலும் பேச்சு நாளையைப் பற்றியது. "வருவால்" என்று யாரும் சொல்வதில்லையே! நிபந்தனைப் பக்கத்தில் நம் மொழியும் பெரும்பாலும் எதிர்கால வடிவத்தைத் தவிர்க்கிறது. ஆங்கிலம் அங்கே நிகழ்கால வடிவத்தை வைக்கிறது, அவ்வளவுதான். பதினோரு வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன், இந்த ஒப்பீட்டைச் சொன்ன பிறகு பலருக்கு இந்தப் பிழை நின்றிருக்கிறது.

இன்னொரு பதில்:
லாரி வருவது உறுதி என்றால் இஃப் வேண்டாம், வென் போடுங்கள்: "வென் த லாரி கம்ஸ்". அங்கேயும் வில் கிடையாது.

கேள்வி கேட்டவர்:
சரி, புரிந்தது. ஆனால் "இஃப் யூ வில் வெயிட் ஹியர்" என்று ஒரு வரவேற்பறையில் சொன்னார்களே?

முதல் பதில் தந்தவர்:
நல்ல கவனிப்பு. அந்த வில் காலத்தைக் காட்டவில்லை, இசைவைக் கேட்கிறது. "தயவுசெய்து இங்கே காத்திருக்கிறீர்களா" என்பது போல. லாரியிடம் இசைவு கேட்க முடியாது, அதனால் அங்கே கம்ஸ்தான்.