சொல் பரிந்துரை: திணறுசுடர், மெலிசுடர்

குழுவினருக்கு வணக்கம்.

> மரக்குறுணை (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகள், pellet) அடுப்பில் தீ வலுவில்லாமல் எரிந்தால் 'மந்தச்சுடர்' என்று சொன்னால் போதாதா? எதற்கு இரண்டு சொல்?

ஐயா, 'மந்தச்சுடர்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அடுப்பைச் சரிசெய்ய முடியாது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வெயிலில் உட்கார்ந்துகொண்டு குளிர்காயும் அடுப்பைப் பற்றி என்ன கவலை என்று ஒருவர் கிண்டலடித்திருந்தார். அடுப்பு இருப்பது நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில், அக்கா வீட்டில். அங்கே ஜூலைதான் கடுங்குளிர். பகலில் வீட்டில் இருப்பது அக்காவின் மாமியார். இங்கே தோட்டத்துப் பள்ளியில் படித்தவர், தமிழ்தான் சரளம். அவருக்காக ஒரு பக்கக் கையேடு எழுதப்போய்த்தான் இந்தச் சொற்கள் தேவைப்பட்டன.

காற்று போதாவிட்டால் தீ உயரமாகவே எழும். ஆனால் ஆரஞ்சு நிறத்தில், நுனி கறுத்து, அசைந்து அசைந்து எரியும். கண்ணாடியில் கரி படியும். குறுணை எரியும் கிண்ணத்தின் (எரிகிண்ணம்) துளைகளைச் சாம்பல் அடைத்திருக்கும், அல்லது புகை போகும் பாதையில் சாம்பல் சேர்ந்திருக்கும். கதவு இறுக்கமாக மூடாவிட்டாலும் இதே கதைதான்: காற்று கிண்ணத்தின் அடியிலிருந்து வராமல் ஓரமாகப் புகுந்து போய்விடும். இதற்குத்தான் 'திணறுசுடர்'. சுடுசோறு, ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, விளக்கமே வேண்டாம்.

குறுணை போதாவிட்டால் தீ குட்டையாக இருக்கும், ஆனால் பளிச்சென்று எரியும். தொட்டியில் குறுணைகள் ஒன்றோடொன்று சிக்கி மேலேயே நின்றிருக்கும். இல்லையென்றால் அடியில் தூள் சேர்ந்து, குறுணையைக் கிண்ணத்துக்குத் தள்ளிவிடும் திருகுக்குச் சரியாகப் போகாது. இது 'மெலிசுடர்'. 'பசிச்சுடர்' என்று முன்மொழிந்த அண்ணன் கோபிக்க வேண்டாம். பசியையே தீ என்பது நம் வழக்கம், குழப்பம் வரும்.

இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் என்ன ஆகும்? தீ சரியில்லை என்றதும் யாருக்கும் குறுணை வரத்தைக் கூட்டத்தான் தோன்றும். மெலிசுடருக்கு அது ஓரளவு உதவலாம். திணறுசுடருக்கு அப்படிச் செய்தால் கிண்ணம் நிரம்பி, கரி இன்னும் கூடும். அங்கே அடுப்பை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, மின்செருகியைக் கழற்றிவிட்டுத் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

துளையை அடைக்கும் கெட்டிச் சாம்பலுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். இரும்புக்கிட்டம் என்கிறோமே, அந்தக் 'கிட்டம்' போதும். நம் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) பழம் உதிர்த்த வெறுங்குலையில் செய்யும் குறுணையில் பொட்டாசியம் அதிகம். அதன் சாம்பல் குறைந்த வெப்பத்திலேயே இளகிக் கிட்டமாகும். அதனால் ஊர்ப்பாசத்தில் அதை வீட்டு அடுப்பில் போட்டுவிடாதீர்கள். ஐரோப்பிய 'ஈஎன்பிளஸ் ஏ1' தர மரக்குறுணையில் ஈரம் 10 விழுக்காட்டையும் சாம்பல் 0.7 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது.

அப்புறம், காற்று புகாமல் அடைக்கக் கதவின் விளிம்பைச் சுற்றி ஓடும் காஸ்கெட். ஒரு பணநோட்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால், எளிதாக வெளியே வரும் இடத்தில் அது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த அடுப்புகளில் அது பெரும்பாலும் கண்ணாடி இழையால் ஆன கயிறு என்பதால் 'அடைகயிறு' என்று எழுதிவைத்திருக்கிறேன். குழாய்க்குப் போடும் தட்டையான காஸ்கெட்டுக்கு இது பொருந்தாது. இரண்டுக்கும் பொதுவான சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், கையேட்டில் மாற்றிவிடுகிறேன்.