சுழல் கதிரைப் பரிசோதனை: 16 மடங்கு வரவேண்டிய வேகம் 2 மடங்குகூட வரவில்லை, ஏன்?

வெள்ளவத்தை உயர்தரம்:
வணக்கம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். பாடசாலைக் கண்காட்சியில் கோண உந்தக் காப்பு விதியை, அதாவது வெளியிலிருந்து யாரும் திருப்பாதவரை சுழலும் பொருளின் கோண உந்தம் மாறாது என்பதை, செய்துகாட்ட வேண்டும். அப்பாவின் ஒபிஸ் கதிரையில் இருந்து, இரண்டு கையிலும் 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் பிடித்து, கைகளை நீட்டிக்கொண்டேன். தம்பி சுற்றிவிட்டான். பிறகு கைகளை மடக்கினேன்.

கணக்குப்படி போத்தல் அச்சிலிருந்து 0.8 மீற்றரில் இருந்து 0.2 மீற்றருக்கு வருகிறது. ஆரை நாலில் ஒன்று, அதன் வர்க்கம் பதினாறில் ஒன்று, ஆகவே சடத்துவத் திருப்பமும் (திணிவு × ஆரையின் வர்க்கம், சுழற்சியை மாற்றுவது எவ்வளவு கடினம் என்ற அளவு) பதினாறில் ஒன்று. கோண உந்தம் (சடத்துவத் திருப்பம் × கோண வேகம்) மாறாது என்றால் கோண வேகம் 16 மடங்காக வேண்டும் அல்லவா? வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இரண்டு மடங்கும் இல்லை. கதிரை பழையது. கிறீஸ் போட்டால் சரிவருமா?

இன்னொரு சந்தேகம். சுற்றும்போது போத்தல்களைக் கையிலிருந்து விட்டுவிட்டால் சடத்துவத் திருப்பம் குறைகிறதுதானே, அப்படியானால் வேகம் கூட வேண்டும் என்று நினைத்து விட்டுப் பார்த்தேன். வேகம் கூடவில்லை. கீழ்மாடி அன்ரி மேலே வந்ததுதான் மிச்சம்.

கொட்டாஞ்சேனை மெக்கானிக்:
தங்கச்சி, கிறீஸ் போடுவது நல்லதுதான், ஆனால் அதனால் 2 மடங்கு 16 மடங்காகாது. உராய்வுதான் குற்றவாளியா என்று முதலில் பாருங்கள். கைகளை நீட்டியபடியே சுற்றவிட்டு, கைகளை மடக்க எடுக்கும் நேரத்துக்குள் எவ்வளவு வேகம் குறைகிறது என்று கவனியுங்கள். கொஞ்சம்தான் குறைகிறது என்றால் பெயாரிங்கைக் குறைசொல்ல முடியாது. கதிரையின் சக்கரங்கள் உருண்டு ஆளே நகர்ந்துபோனாலும் கணக்குக் குழம்பும். சக்கரங்களுக்கு அடியில் துணி மடித்து வையுங்கள். தரை சரிவாக இருந்தால் அச்சும் சரிந்துவிடும், அதையும் பாருங்கள்.

பம்பலப்பிட்டி அக்கா:
பிரச்சினை கதிரையில் இல்லை தங்கச்சி, கணக்கில்தான். போத்தல்களை மட்டும் சேர்த்தீர்கள், அவற்றைப் பிடித்திருக்கும் ஆளை விட்டுவிட்டீர்கள்! சுற்றுவது போத்தலும் கைகளும் உடம்பும் கதிரையும் சேர்ந்த முழுத் தொகுதி.

மதிப்பீடாகப் போட்டுப் பார்ப்போம். கைகளை நீட்டியிருக்கும்போது இரண்டு போத்தல்களின் சடத்துவத் திருப்பம் 2 × 1.5 × 0.64, அதாவது 1.92 கிலோகிராம் சதுர மீற்றர். நீட்டிய கைகள், உடல், கால்கள், கதிரை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 5.1 என்று வையுங்கள். மொத்தம் 7. மடக்கியபின் போத்தல்கள் வெறும் 0.12. மற்றவை 3.9 அளவில் நிற்கும், ஏனென்றால் கதிரையில் இருக்கும்போது தொடையும் முழங்காலும் அச்சிலிருந்து தள்ளி முன்னால் நீண்டிருக்கின்றன, கைகளை மடக்கினாலும் அவை அங்கேதான். மொத்தம் 4. 7 ஐ 4 ஆல் பிரித்தால் 1.75 மடங்கு. நீங்கள் கண்டதும் கிட்டத்தட்ட அதுதானே? பனிச்சறுக்குக்காரர்கள் நிமிர்ந்து நின்று கால்களையும் அச்சோடு சேர்த்துவிடுவதால்தான் அப்படிச் சுழல்கிறார்கள்.

கண்காட்சிக்கு ஆளுக்குத் தெரிகிற மாதிரி வேண்டும் என்றால் முழங்காலுக்குக் கீழே காலை மடக்கிக் கதிரைக்கு அடியில் வையுங்கள். போத்தலுக்குப் பதிலாக 3 கிலோ டம்பெல் பிடித்தால் 2 மடங்கைத் தாண்டும். மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள், வேகமாகச் சுற்றினால் டம்பெல் கையை இழுத்துக்கொண்டு போகும்.

வீடியோவை விட ஃபோன் நல்லது. பைபொக்ஸ் என்று இலவச அப் இருக்கிறது, ஜேர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் செய்தது. ஃபோனைக் கதிரையில் கட்டிவிட்டு அதில் ஜைரோஸ்கோப்பை (சுழற்சியை அளக்கும் உணரி) ஓடவிட்டால் கோண வேகம் நேராக வரைபாக வரும். அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் கட்டினாலும் வாசிப்பு ஒன்றுதான்.

பழைய இணைந்த கணிதம்:
போத்தலை விட்ட விஷயத்துக்கு நான் வருகிறேன். விட்ட கணத்தில் போத்தல் தொடலி வழியே, அதாவது வட்டத்தைத் தொட்டுச்செல்லும் நேர்கோட்டில், அதே கதியோடு போகிறது, தன் பங்குக் கோண உந்தத்தையும் கொண்டுதான் போகிறது. அக்காவின் எண்களை எடுத்தால், செக்கனுக்கு 2 ஆரையனில் (ஆரையன் கோணத்தின் அலகு) சுற்றும்போது மொத்தக் கோண உந்தம் 14. போத்தல்களின் பங்கு 3.84. போனபின் மிச்சம் 10.16, சடத்துவத் திருப்பம் 7 − 1.92 = 5.08. பிரியுங்கள், அதே 2. உள்ளே இழுக்கும்போது கை போத்தலைப் பக்கவாட்டில் மெதுப்படுத்துகிறது, போத்தல் திரும்பக் கையைத் தள்ளுகிறது, அதனால் உடம்பு வேகமாகிறது. விட்டுவிட்டால் தள்ள ஆளில்லை. அன்ரிக்காக இனி மணல்பை பாவியுங்கள்.

வெள்ளவத்தை உயர்தரம்:
நன்றி அக்கா, அண்ணா! ஆனால் இப்போது புதுக் குழப்பம். அந்த எண்களின்படி இயக்கப்பாட்டுச் சக்தி (½ × சடத்துவத் திருப்பம் × கோண வேகத்தின் வர்க்கம்) முதலில் ½ × 7 × 4 = 14 யூல். மடக்கியபின் கோண வேகம் 3.5, ஆகவே ½ × 4 × 12.25 = 24.5 யூல். 10.5 யூல் எங்கிருந்து வந்தது? தம்பி இரண்டாம் தரம் தள்ளவில்லை.

பம்பலப்பிட்டி அக்கா:
நீங்கள்தான் கொடுத்தீர்கள். போத்தல் வட்டத்தில் போக மையத்தை நோக்கி ஒரு விசை வேண்டும். அந்த விசையோடு கையை உள்ளே கொண்டுவரும்போது தசை வேலை செய்கிறது. அந்த விசை அச்சை நோக்கியதால் அதன் முறுக்கம் (திருப்பும் விளைவு) பூச்சியம், கையும் போத்தலும் பக்கவாட்டில் தள்ளுவது ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், ஆகவே மொத்தக் கோண உந்தம் அசையாது. ஆனால் விசையின் திசையில் நகர்வு இருக்கிறது, ஆகவே சக்தி கூடுகிறது. ஒன்று காக்கப்படுகிறது என்பதால் மற்றதும் காக்கப்படும் என்றில்லை. பரீட்சையில் அநேகம் பேர் சறுக்குகிற இடம் இதுதான்.

பழைய இணைந்த கணிதம்:
கண்காட்சிப் பலகைக்கு ஒரு சேதி தரட்டுமா? 2004 டிசம்பர் 26 சுமாத்திரா நிலநடுக்கத்தில் பூமியின் திணிவு ஒரு துளி அச்சை நோக்கி நகர்ந்ததால் நாளின் நீளம் 2.68 மைக்ரோசெக்கன் குறைந்திருக்கும் என்று நாசா விஞ்ஞானிகள் கணித்தார்கள். அது கணிப்புத்தான், அளந்தது இல்லை. காற்றோட்டம் பருவத்துக்குப் பருவம் நாளின் நீளத்தை ஒரு மில்லிசெக்கன் அளவுக்கு மாற்றுவதால் அதற்குள் இது மறைந்துபோகும். சுனாமியை நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை, சுருக்கமாக எழுதினால் போதும்.

வெள்ளவத்தை உயர்தரம்:
ஃபோனைக் கட்டிப் பார்த்தேன். 1.8 இலிருந்து 3.0 க்கு ஏறியது! தரைக்குத் துணியும் வைத்தேன். திரும்பக் கைகளை நீட்டினால் வேகம் விழுகிறது, சரி. அப்போது அந்தச் சக்தி எங்கே போகிறது?

பம்பலப்பிட்டி அக்கா:
பாரம் வெளியே ஓடப் பார்க்கிறது, தசை அதைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. வெளியே போகும் பாரத்தை நீங்கள் உள்நோக்கி இழுப்பதால் இம்முறை தசை செய்வது எதிர்வேலை, போகும் சக்தி கையில் சூடாகிவிடும். கைக்குப் பதிலாக ஒரு வில்சுருள் அந்த இழுவையைத் தாங்கினால் அது நீண்டு சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும், திரும்பவும் தரும்.