இருபத்துநாலு வயதில் ஆசிரியர் பயிற்சியில் சேரலாமா?

திண்ணை வகுப்பு (திருத்துறைப்பூண்டி பக்கம்)

வணக்கம். பிளஸ் டூ முடித்து ஆறு வருடம் ஆகிறது. கல்யாணமாகி மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. 2022-ல் எங்கள் தெருவில், பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லித்தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வி திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாமியார் வீட்டுத் திண்ணைதான் வகுப்பு.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பான். எழுத்தின் மேல் விரல் வைத்துப் படிடா என்றால் வாய் ஓரிடத்தில் இருக்கும், விரல் வேறிடத்தில் இருக்கும். கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது. அவனுக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தனி எழுத்து. முறத்தில் அரிசியைப் பரப்பி, முதலில் 'ப' எழுதி, அதற்கு முன்னால் கொம்பைச் சேர்த்து, தினமும் அதையே செய்தோம். ஒருநாள் கடைத்தெருவில் பஸ் போர்டைப் பார்த்து "வே... தா..." என்று அவனாகவே கூட்ட ஆரம்பித்தான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது தொடக்கக் கல்வி பட்டயப் படிப்புக்கு அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மாமனார், "அஞ்சல் வழியில் ஒரு டிகிரி, அப்புறம் பி.எட். அதுதான் மதிப்பு" என்கிறார். எனக்குச் சின்னப் பிள்ளைகளோடுதான் இருக்க வேண்டும். எது சரி? முதல் வருடம் எப்படி இருக்கும்? நோட்டைத் தொட்டு ஆறு வருடம் ஆனதால் பயமாகவும் இருக்கிறது.

குடவாசல் தம்பி

அக்கா, படிப்பு நல்ல படிப்புதான். வேலையை மட்டும் தெரிந்துகொண்டு சேருங்கள். பட்டயம் முடித்து, டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் முதல் தாள் தேறி, அதற்கும் மேல் போட்டித் தேர்வு எழுத வேண்டும். 2024 பிப்ரவரியில் 1768 இடைநிலை ஆசிரியர் (ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுப்பவர்கள்) இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அதற்கு முன்னால் பல வருடம் காத்துக் கிடந்தவர்களில் என் அண்ணனும் ஒருவர். வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைமடை டீச்சர்

தங்கச்சி, மாமனாரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகள்தான் வேண்டும் என்றால் உங்களுக்கு வழி இந்தப் பட்டயம்தான். டிகிரியைப் பிறகு அஞ்சலில் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் பதினாலு வருடமாக ஈராசிரியர் பள்ளியில் இருக்கிறேன். ஒரே அறையில் மூன்று வகுப்பு. அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்கார வைக்கிறோம். பயிற்சிக் காலத்தில் நீங்களும் இதைப் பார்ப்பீர்கள்.

முதல் வருடத்தில் லெசன் பிளான், சார்ட், ரெக்கார்டு நோட்டு என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். கை வலிக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகும் நாட்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் பயிற்சியில் ஒரு பையன் 42-இல் 17 போனால் 35 என்று எழுதியிருந்தான். தப்பு என்று சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டேன். என்னை மேற்பார்த்த டீச்சர் அவனைக் கூப்பிட்டு, "எப்படிப் போட்டே, சொல்லு" என்றார். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல ஒண்ணு போனா மூணு" என்றான். பெரிய எண்ணிலிருந்துதான் சின்னதைக் கழிக்கணும் என்று யாரோ சொன்னதை அவன் ஒவ்வொரு இலக்கத்துக்கும் செய்திருக்கிறான்.

அவன் அம்மா நடவுக்குப் போகிறவர். டீச்சர் தென்னை ஈர்க்கை நாத்துக் கட்டு (முடி) போலப் பத்துப் பத்தாகக் கட்டி, "இது நாலு நாத்து முடி, இது ரெண்டு உதிரி. பதினேழு நாத்து குடு" என்றார். உதிரியைப் பார்த்தான், முடியைப் பார்த்தான். "ஒண்ண அவுக்கணும் டீச்சர்" என்று அவனே சொன்னான். இருபத்தைந்து வந்தது. நான் போட்ட சிவப்புச் சுழியை நினைத்து இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

கொம்பு எங்கே இடறுகிறது என்று நீங்களாகவே கண்டுபிடித்திருக்கிறீர்கள். அந்தக் கண் உங்களுக்கு இருக்கிறது. தாராளமாகச் சேருங்கள்.

வலங்கைமான் மீனா

போன வருடம்தான் முடித்தேன், எனக்கும் கைக்குழந்தை இருந்தது. டெட் முதல் தாளில் குழந்தை வளர்ச்சியும் கற்றலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஐந்துக்கும் 30, 30 மதிப்பெண். முதல் வருடப் பாடத்தை ஒழுங்காகப் படித்தால் அதில் பாதி வந்துவிடும். ரெக்கார்டை மட்டும் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள், நான் தள்ளிவிட்டு மூன்று ராத்திரி விழித்தேன். குழந்தையைக் காலையில் யார் பார்ப்பது என்று இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

திண்ணை வகுப்பு

எல்லாருக்கும் நன்றி. தீர்ப்பு விஷயத்தை மாமனாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப சரி, சேரு" என்றார். பாப்பாவை மாமியார் பார்த்துக்கொள்கிறார். தம்பி சொன்ன வேலை விஷயத்தையும் வீட்டில் மறைக்கவில்லை. திண்ணைப் பிள்ளைகளை எதிர்வீட்டுப் பெண் சாயங்காலம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள், அவளும் பிளஸ் டூதான். அவளுக்காக நேற்று ஈர்க்குச்சி சீவி, பத்துப் பத்தாகப் பன்னிரண்டு கட்டு கட்டி வைத்தேன்.